பின்னுக்குப் பார்த்துத்தான் பின்னுக்குப் போகவேணும்

1916இல் கட்டிய பருத்தித்துறை வெளிச்சவீட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில்தான் எங்கள் வீடு. ஆனாலும் நான் அதைக் கிட்ட நின்று படம் எடுத்ததில்லை. சீருடைக்காரர் நிற்கிற இடத்தில் கமராவைத் திருப்பக்கூடாது என்று பிஞ்சு வயதிலேயே பழகிப்போச்சு. அந்தப் பயம் கொழும்புக்குப் போனால் மட்டும் எப்படியோ விட்டுப்போகும். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் பையை வைத்த கையோடு கமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

போன ஆவணியிலும் அப்படித்தான். பின்னேரம் மருமகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே மெரின் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் இரட்டைத் தண்டவாளம் ஓடுகிறது. அதைக் கடக்காமல் மணலில் கால் வைக்க ஏலாது. தெகிவளைப் பக்கம் போன ஒரு ரயில் கடந்து முடிய, “மாமா, இஞ்ச நிண்டு எடுங்கோ, சூரியன் என்ர தலைக்கு மேல வரும்” என்றாள். அவள் கல்லில் நிற்க, நான் ஃபிரேமுக்குள் அவளை அடக்கப் பின்னுக்குப் பின்னுக்குப் போய் மற்றத் தண்டவாளத்தில் ஏறி நின்றேன். போன ரயிலின் இரைச்சல் இன்னும் காதில் இருந்தது, அலைச்சத்தம் வேறு. தூண்டில்காரர் ஒருவர் “கோச்சி! கோச்சி!” என்று கத்தினார். சிங்களம் எனக்கு அரைகுறை. ஆனால் எங்கள் அம்மம்மாவும் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்லுவா. பாய்ந்து விலகினேன். முதுகில் காற்று அடித்தது.

அன்றிலிருந்து தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதே இல்லை. மணலுக்கு இறங்கிய பிறகுதான் பையைத் திறப்பேன். ஒரு ரயில் போனால் மற்றப் பாதையையும் பார்த்துத்தான் கடப்பேன். கமரா தொடாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆளும் வேணும். அந்த வேலையை அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புறக்கோட்டையில் என் புத்தி மறுபடி வேலை செய்யவில்லை. 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல் இரண்டாம் குறுக்குத்தெருவில் நிற்கிறது. செங்கல்லும் வெள்ளையும் வரிவரியாக, அவ்வளவு வடிவு. தெருவோ ஒடுக்கம். மினாரா முழுக்க விழவேணும் என்று பின்னுக்கு நகர, துணிப்பொதி ஏற்றிய கைவண்டி கெண்டைக்காலில் இடித்தது. நாட்டாமை அதுவரை வழி கேட்டுக் கத்திக்கொண்டுதான் வந்திருக்கிறார், பிழை என்னுடையது. இப்போது சுவரோடு முதுகை ஒட்டி நின்று போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கிறேன். மினாராவின் நுனி வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டும்.

திருட்டைப் பற்றி எல்லாரும் சொல்லுவினம். கமராப் பட்டியைக் கழுத்தில் மட்டும் தொங்கவிடாமல் குறுக்காகப் போடுங்கள். பஸ் யன்னலோரம் போனை நீட்டாதீர்கள். *#06# அழுத்தினால் வரும் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸில் கேட்பார்கள்.

பன்சலைகளில் இன்னொரு கவனம் வேணும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்ஃபி எடுக்கக்கூடாது. 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படம் எடுத்த மூன்று பிரெஞ்சுக்காரருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. 2019இல் பழைய தாதுகோபம் ஒன்றில் ஏறிப் படம் எடுத்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதாகித் தண்டம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். முகாம், சோதனைச்சாவடி பக்கம் கமரா திரும்பி ஆரும் கேட்டால், படத்தைக் காட்டி அழித்துவிடுங்கள். வாதாடினால் பின்னேரம் முழுக்கப் போய்விடும்.

கொழும்பில் நிற்கும்போதே படம் ஏற்றுவதையும் விட்டுவிட்டேன். “கொழும்பில் குடும்பத்தோடு” என்று போட்டால் ஊரில் வீடு பூட்டிக் கிடக்குது என்று நானே தமுக்கடிப்பதுபோல. இரவு பஸ்ஸில் கமரா மடியில் வரும், ஊருக்கு வந்து தோசை சாப்பிட்டு ஆறுதலாக ஏற்றலாம்.

அன்றைய கடற்கரைப் படம் ஒன்று மட்டும் தேறியது. சரிந்த அடிவானம், மூலையில் மங்கலாய்த் தண்டவாளம், சிரித்துக்கொண்டு மருமகள். அவள் அதைப் போன் முகப்பில் வைத்திருக்கிறாள். அக்கா பார்க்கும்போதெல்லாம், “நல்லா எடுத்திருக்கிறாய்” என்கிறா. நான் பேச்சை மாற்றிவிடுவேன்.