ஒளிரும் மைப் பேனா: சில ஐயங்கள்



தேர்வு நெருங்கினால் பாடநூலில் முக்கியமான வரிகளின் மேல் ஹைலைட்டர் பேனாவால் தீட்டுவீர்கள். ஒளிரும் மை கொண்ட இத்தகைய பேனா 1971இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. சோழவந்தான் வட்டார மாணவர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கும் வினாக்களுக்கு இங்கே விடை காண்போம்.

இந்த மை ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது?

சாதாரண மஞ்சள் சாயம் தன்மேல் விழும் ஒளியில் நீலத்தை உறிஞ்சி வெப்பமாக்கி, எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. ஒளிரும் சாயமோ உறிஞ்சிய நீலத்தையும் புற ஊதாக் கதிரையும் வேறு நிற ஒளியாக மாற்றி வெளிவிடுகிறது. இதற்கு உடனொளிர்தல் என்று பெயர். மஞ்சள் மைகளில் பயன்படும் பைரனின் என்னும் சாயம், சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை வாங்கி, சுமார் 510 நானோமீட்டரில் பச்சை ஒளியைத் தருகிறது. ஒளித்துகளின் ஆற்றல் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். எனவே வாங்கிய துகளின் ஆற்றலில் 450/510, அதாவது ஏறத்தாழ 88 சதவீதமே ஒளியாகத் திரும்புகிறது. மீதி வெப்பமாகிறது.

ஒளிர்வதால் இது கதிரியக்கப் பொருளா?

இல்லை. விளக்கை அணைத்தால், நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்திலேயே ஒளிர்தல் நின்றுவிடும். சிவப்பு விளக்கின் கீழ் மஞ்சள் மை ஒளிராது. காரணம், அதற்கு வேண்டிய நீலம் அங்கே இல்லை.

கையில் பட்டால் தீங்கா?

பெரும்பாலான ஹைலைட்டர் மைகளில் தண்ணீரே கரைப்பான். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் தோலில் படம் வரையவோ, நகத்தில் பூசவோ கூடாது. கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள்.

அப்படியானால் வாயில் பட்டாலும் பரவாயில்லையா?

நாக்கில் சிறிது பட்டுவிட்டால் அஞ்ச வேண்டாம், கொப்பளித்தால் போதும். ஆனால் 'சிறிது பட்டால் தீங்கில்லை' என்பது வேறு, 'உண்ணத் தக்கது' என்பது வேறு. இளஞ்சிவப்பு மைகள் சிலவற்றில் ரோடமின் வகைச் சாயங்கள் உண்டு. அவ்வகையைச் சேர்ந்த ரோடமின் பி, துணிக்கும் தாளுக்கும் உரிய சாயம். பஞ்சுமிட்டாயில் அது கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அத்தகைய பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. திருவிழாக் கடையில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தின்பண்டம் கண்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பேனா மூடியில் துளை எதற்கு?

மையைவிட மூடியே பெரிய அபாயம். குழந்தை அதை விழுங்கி மூச்சுக்குழாயில் சிக்கினால், துளை வழியாகக் காற்று சிறிதேனும் செல்லும். ஆகவே மூடியைக் கடிக்காதீர்கள். தம்பி தங்கைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

செய்து பாருங்கள்: உடனொளிர்தல் மைக்கு மட்டும் உரியதன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சோழவந்தான் வெற்றிலையிலும் அது உண்டு. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், அருகில் நெருப்பு இல்லாமல், வெற்றிலையை அரைத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டுங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். பச்சைக் கரைசல் சிவப்பாக ஒளிரும். பச்சையத்தின் ஒளி ஏன் சிவப்பாக இருக்கிறது? மேலே கண்ட அலைநீளக் கணக்கைக் கொண்டு சிந்தியுங்கள்.