துணிக்கொடியில் ஒரு தேன்சிட்டு

"அக்கா, கொடிக்கயிற்றுல குப்பை மாதிரி ஏதோ தொங்குது, பிச்சுப் போட்டுடட்டுமா?" என்று நீ போனில் கேட்டதும் பதறிவிட்டேன். நல்லவேளை, கேட்டாய். அது தேன்சிட்டுக் கூடுடி. பார்க்கிறவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்தால்தான் அதற்கு நல்லது. சருகு, பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் சிலந்தி நூலால் ஒட்டி, வாசலுக்கு மேலே சாரல் படாமல் ஒரு குட்டித் தாழ்வாரமும் இறக்கியிருக்கும். கட்டுவது முழுக்கப் பெண் குருவிதான். மினுமினுப்பாக வந்து போகிற ஆண், நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல்காரர் பக்கத்தில் நின்ற பெரியப்பா மாதிரி.

முதலில் துணி காயப்போட வேறு இடம் பார். கயிற்றை அவிழ்த்து வேறு பக்கம் கட்டலாம் என்று நினைக்காதே. தாய் பழைய இடத்துக்குத்தான் வந்து தேடும்.

அடுத்தது, கிட்டே போய் எட்டிப் பார்க்காதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருஷம் எங்கள் செம்பருத்திச் செடியில் சின்னான் கூடு வைத்திருந்தது. கொண்டைக்குருவி என்போமே, அதுதான். வெளிர் ரோஜா நிறத்தில் செங்கல் பொடி தூவினது போல மூன்று முட்டை. தினமும் ஸ்டூல் போட்டு ஏறி போட்டோ எடுத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு இலையையும் கிள்ளிவிட்டேன். ஐந்தாம் நாள் கூடு காலி. காக்காதான் என்று கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஸ்டூலை வைக்கும்போதெல்லாம் அது முருங்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் வழி காட்டியிருக்கிறேன்.

அதனால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தே பார். அறை விளக்கை அணைத்துவிட்டால் வெளியிலிருந்து உன்னைத் தெரியாது. போனில் ஜூம் போதும், ஃபிளாஷ் கூடவே கூடாது. தாய் அடைகாக்க உட்கார்ந்த நாளைக் காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொள். வாசலில் வளைந்த மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும், இன்னும் இரண்டு வாரம் போனால் பறந்துவிடும். பொரித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? தாய் வாயில் எதையாவது கவ்விக்கொண்டு உள்ளே போகும், ஐயாவும் அப்போதுதான் வேலைக்கு வருவார். கொண்டுவருவது தேன் என்று நினைக்காதே, பெரும்பாலும் சிலந்தியும் குட்டிப் பூச்சியும்தான். ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிப்பதை இப்போதைக்கு நிறுத்திவிடு.

ஊட்டி முடித்ததும் உடனே பறக்கிறதா, ஒரு நொடி காத்திருக்கிறதா என்று கவனி. காத்திருந்தால், குஞ்சு பின்பக்கத்தைத் திருப்பி வெள்ளை உருண்டை ஒன்றைத் தரும். எச்சம்தான், மெல்லிய சவ்வில் பொதிந்து பார்சலாக வரும். தாய் அதைக் கவ்விக்கொண்டு போய் தூரத்தில் போட்டுவிடும். ராத்திரி மூணு மணிக்குப் பாப்பாவுக்கு டயப்பர் மாற்றுகிறவள் நீ, உனக்குப் பொறாமையாக இருக்கும்!

சோறு, பிரட், பால் எதுவும் வைக்காதே. அகல மண்சட்டியில் தண்ணீர் மட்டும் வை, கூட்டிலிருந்து தள்ளி. இல்லையென்றால் குடிக்க வரும் காக்கா கூட்டையும் பார்த்துவிடும்.

குஞ்சு கீழே விழுந்தால்? இறகு முளைக்காததாக இருந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே விடு. கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் கட்டுக்கதை. இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. சின்னான் குஞ்செல்லாம் சரியாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடு, தாய் தேடி வந்து ஊட்டும். பூனையை மட்டும் அன்று வீட்டுக்குள் அடைத்து வை.

வீட்டுக்காரர் கூட்டைக் கலைக்கச் சொன்னால், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சிரித்துக்கொண்டே சொல். குஞ்சைக் கூண்டில் வளர்க்கக் கேட்கும் உன் கொழுந்தனுக்கும் அதே பதில்தான்.

குஞ்சு பறந்த பிறகும் கொஞ்ச நாள் கூட்டை அப்படியே விட்டுவை. சில சமயம் அதிலேயே மறுபடி முட்டையிடும். போர்வை, பெட்ஷீட்டையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இங்கே எடுத்து வா, மொட்டைமாடியில் காயப்போடலாம்.