சிடி வேஷம் போடும் டாங்கிள்

கேள்வி: மரக்காணம் உப்பளக் கணக்கு எழுத, பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டிருக்கிறேன். இணைய டாங்கிளைச் செருகினால் சிடி போல ஒரு ஃபோல்டர்தான் திறக்கிறது. டெலிகிராம் 'கனெக்டிங்' என்றே நிற்கிறது. ஏன்?

பதில்: டெலிகிராமைத் திட்டாதீர்கள். விண்டோஸ் டிரைவரையும் சுமந்து வருவதால் பல டாங்கிள்கள் முதலில் சிடியாகத்தான் தலைகாட்டும். போன் டெதரிங்கில் இணையம் வாங்கி 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' புரோகிராமை நிறுவுங்கள். வேஷம் கலைந்து மோடமாகும். சிம் நிறுவனத்தின் இணைய வாசலான ஏபிஎன் பெயரையும் சரிபாருங்கள். 3ஜி டாங்கிள் என்றால் ஜியோ சிம் போட்டுப் பயனில்லை. ஜியோவில் 3ஜியே கிடையாது. உங்கள் ஊர் உப்புக்காற்று வேறு சும்மா விடாது. முனைத் தகட்டில் பச்சை பூத்திருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். அப்படியும் மசியாவிட்டால் டெதரிங்கையே தொடருங்கள். புது டாங்கிள் வீண்செலவு.