ஃபுளோரைடு: அளவும் வழியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குதைபியாவில் குடியிருப்போர்க்கு ஃபுளோரைடு என்னும் சொல் அச்சம் தருவது இயல்பே. அம்மாவட்டங்களின் பாறைகளிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் மிகுந்த அப்பொருளால் பற்களில் பழுப்புக் கறை படிந்ததையும், எலும்புகள் இறுகி வளைந்ததையும் அவர்கள் தம் ஊரிலேயே கண்டவர்கள். சென்னை மாகாணத்தில் இந்நோய் பரவியிருந்ததை மருத்துவர்கள் 1937ஆம் ஆண்டிலேயே ஆய்விதழில் பதிவு செய்தனர். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரை அவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதோ 2013இல். அத்திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்னும் நோக்கமும் இடம்பெற்றுள்ளது.

அவ்வாறிருக்க, இங்குள்ள பல் மருத்துவர் அதே பொருளைக் குழந்தையின் பல்லில் பூச வேண்டும் என்கையில் பெற்றோர் தயங்குகின்றனர். சிலர் மறுத்தும் விடுகின்றனர். அம்மறுப்பு அறியாமையால் விளைந்தது அன்று, அனுபவத்தால் விளைந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்குவது அவசியம்.

இதன் நன்மையும் தீமையும் ஒரே ஊரில்தான் கண்டறியப்பட்டன. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901இல் வந்த பிரெடெரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூரார் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், அக்கறை படிந்த பற்கள் எளிதில் சொத்தையாகாமல் இருப்பதையும் கவனித்தார். காரணம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடே என்பது 1931இல் உறுதியாயிற்று. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்ற அளவில் கறை பெரிதும் தோன்றாமல் பாதுகாப்பு மட்டும் கிடைக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் இணைந்த படிகங்களால் ஆனது. நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் அப்படிகங்கள் கரையத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மீளச் சேர்க்கும். இவ்வரவும் செலவும் நாள்தோறும் நடப்பவை; செலவு மிகுந்தால் சொத்தை. பல்லின் மேற்பரப்பில் ஃபுளோரைடு சிறிதளவு இருப்பின் தாதுக்கள் விரைந்து திரும்பச் சேர்கின்றன. புதிதாய் அமையும் படிகமும் முன்னையதைவிட உறுதியானது; பி.எச். 4.5 அளவுக்கு இறங்கும் வரை அது தாக்குப்பிடிக்கும். ஆகவே இதன் பயன் பெரும்பாலும் பல்லின் மேலே தங்குவதால் கிடைப்பது, விழுங்குவதால் அன்று. கறையோ, ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஈற்றினுள் பல் உருவாகும் பருவத்தில் மிகுதியாக விழுங்குவதால் வருவது. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

வளைகுடாவின் நிலை தருமபுரிக்கு நேர்மாறானது. கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்தாலும், சவ்வின் வழியே அழுத்திப் பிரித்தாலும் உப்போடு ஃபுளோரைடும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. புட்டிநீரிலும் பல வகைகளில் அது மிகக் குறைவு. சர்க்கரைக்கோ இங்குக் குறைவில்லை: பாலும் சர்க்கரையும் கொதிக்கும் கரக் தேநீர், புட்டிப் பழச்சாறு, உறங்கும் குழந்தையின் வாயில் வைத்த இனிப்புப் பால் புட்டி. இவற்றுள் கடைசியானதே முன்பற்களை விரைந்து அழிப்பது.

மருத்துவர் பூசும் வார்னிஷ், மரச்சாமானுக்குப் பூசுவது அன்று. பிசின் கலந்த ஃபுளோரைடுக் குழம்பு. உமிழ்நீர் பட்டவுடன் இறுகிப் பல்லோடு ஒட்டும். வலி இல்லை, ஊசி இல்லை. இதன் செறிவு பற்பசையினும் பன்மடங்கு ஆயினும், பூசுவது சில துளியே. பல்லோடு ஒட்டிக்கொள்வதால் வயிற்றுக்குள் செல்வது சிறிது. ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறை பூசுவர். அன்று சில மணி நேரம் சூடானவற்றையும் கடினமானவற்றையும் தவிர்த்தல் நன்று. பல் சற்று மஞ்சளாகத் தோன்றினும் துலக்கியதும் மறையும். குழந்தைக்கு ஆஸ்துமா, பிசின் ஒவ்வாமை, வாய்ப்புண் ஆகியவற்றுள் எது இருப்பினும் முன்னரே மருத்துவரிடம் கூறுக.

வீட்டில் பயன்படும் பற்பசையின் உறையில் 1000 முதல் 1500 பி.பி.எம். வரை ஃபுளோரைடு குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். விளம்பரங்களில் தூரிகை முழுதும் பசையை நீட்டிக் காட்டுவது விற்பனைக்காக. அதைப் பின்பற்ற வேண்டா. காலையிலும் உறங்குமுன்னும் பெரியவர் ஒருவர் அருகிருந்து துலக்கிவிடுக. நுரையைத் துப்பிய பின் நீரால் கொப்பளிக்காமல் விடுவதே நலம்.

பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றும் நிலையில் சிகிச்சை அதனை மீட்கக்கூடும். குழி விழுந்த பின் எந்த ஃபுளோரைடும் அதனை மூடாது, அடைத்தலே வழி. முதற்பல் முளைத்ததும், பிந்தினால் முதலாம் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டுக. ஊரில் கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ அருந்தி வளர்ந்த குழந்தையாயின் அதனையும் அவரிடம் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு, எத்துணை முறை என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.