நிலவில் நூறு மீட்டர்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்வோர் சாந்த்ராகாச்சி சந்திப்பை அறிவர். அங்குள்ள நடைமேடை ஒன்றின் நீளம் சில நூறு மீட்டர் இருக்கும். 2023ஆம் ஆண்டில் நமது 'பிரக்யான்' ஊர்தி நிலவில் உருண்டு சென்ற மொத்தத் தொலைவோ ஏறத்தாழ நூறு மீட்டரே. இதற்காக மேற்கொள்ளப்பட்ட சந்திரயான்-3 திட்டத்தின் செலவு சுமார் 615 கோடி ரூபாய். வளரும் நாட்டிற்கு இது தகுமா என்னும் வினா நியாயமானதே.

ஊர்தியின் இயல்பு

பிரக்யானின் எடை 26 கிலோகிராம். சூரிய ஒளியால் கிடைத்த 50 வாட் மின்சாரமே அதற்கு ஆதாரம். அதன் ஆறு சக்கரங்களும் நெம்புகோல் போன்ற கைகளால் இணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு சக்கரம் கல்லின்மீது ஏறினும் மற்றவை தரையை விட்டு எழுவதில்லை. மனிதனை அனுப்பினால் காற்றும் உணவும் உடன் செல்ல வேண்டும்; அவன் திரும்பிவர வழியும் வேண்டும். இயந்திரத்திற்கு இவை வேண்டுவதில்லை. இச்சிக்கனமே இத்தகைய ஊர்திகளின் பொருளாதார அடிப்படையாகும்.

மண்ணில் நடந்த ஒத்திகை

நிலவின் மேட்டு நிலங்களில் 'அனார்த்தோசைட்' என்னும் பாறை மிகுதி. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. அது பொடியாக்கப்பட்டு, நிலவு மண்ணுக்கு ஈடாகச் சோதனைகளில் பயன்பட்டது. அயல்நாட்டு இறக்குமதிச் செலவு இதனால் குறைந்தது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. அதனுள் இருந்த ஊர்தியும் வீணாயிற்று. குறைகள் ஆராயப்பட்டன, கலத்தின் கால்கள் வலுவாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது. 2023 ஆகஸ்டு 23இல் அடுத்த கலம் தென்துருவப் பகுதியருகே பத்திரமாக இறங்கியது.

கிடைத்த பயன்

நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று எதிர்ப்பட்டபோது, தரையிலிருந்து ஆணை பெற்று ஊர்தி திரும்பிச் சென்றது. கந்தகம் இருப்பதை அது உறுதி செய்தது. இருபத்து மூன்று இடங்களில் அது எடுத்த அளவீடுகள், இளம் நிலவு உருகிய பாறைக் கடலால் சூழப்பட்டிருந்தது என்ற கருத்துக்கு வலுவூட்டின.

இதனால் கிராமத்துக் கிணற்றில் நீர் ஊறிவிடாது. அவ்வாறு கூறுவது நேர்மையன்று. எனினும், செலவான பணத்தின் பெரும்பகுதி நம் ஆய்வகங்களிலும் தொழிற்கூடங்களிலும் திறனாகத் தங்கியுள்ளது. தோல்வியை மறைக்காது ஆராய்ந்து, அடுத்த முயற்சிக்கு அதையே முதலாக்கிய முறை, பாசனத் திட்டம் வகுக்கும் அலுவலருக்கும் பொருந்தும். அந்த நூறு மீட்டர் புகட்டும் பாடம் இதுவே.