கினிப்பன்றிக்கு மருந்து கொடுக்கும் முறை

முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பில் மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் கிளி இருக்கிறது என்பது குரலை வைத்துத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து கேட்பது 'வீக், வீக்' என்ற கூச்சல். காய்கறிப் பை சரசரத்தால் போதும், கொத்தமல்லி வந்துவிட்டது என்று எங்கள் பேத்தியின் கினிப்பன்றி ஊரைக் கூட்டிவிடும். பெயர்தான் பன்றி. உண்மையில் எலி, அணில் போலக் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. கினி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதி.

இரண்டு அறை ஃபிளாட்டில் நாய் வளர்க்க முடியாது என்று சொல்லும் பெற்றோர், குழந்தையின் பிடிவாதத்துக்கு இறங்கி வந்து கினிப்பன்றியோ ஹேம்ஸ்டரோ வாங்கித் தருவது இப்போது நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. வாங்குவது எளிது. நோய் வந்தால்தான் வீடே திகைக்கிறது. அந்தத் திகைப்பில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பயனில்லை.

இப்போது இருப்பது இரண்டாவது கினிப்பன்றி. முதலாவது இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் தும்ம ஆரம்பித்தது. வெளியே பனிமூட்டம். மறுநாள் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டு, பேரனுக்குச் சளி பிடித்தபோது வாங்கி மீந்திருந்த அமாக்ஸிஸிலின் சிரப்பிலிருந்து சில சொட்டுகளைக் கொடுத்தேன். 'கைக்குழந்தைக்கே கொடுக்கிற மருந்து, இதற்கு என்ன செய்துவிடப் போகிறது?' என்று நினைத்தேன். மறுநாள் தும்மல் சற்றுக் குறைந்தது போலிருந்தது. எனவே டாக்டரிடம் போகவில்லை, மருந்தைத் தொடர்ந்தேன். மூன்றாம் நாள் தீனி எடுக்கவில்லை. நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் காலையில் கூண்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. பேத்தியிடம் குளிர் தாங்கவில்லை என்று சொன்னோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

குளிர் அல்ல, மருந்துதான் காரணம் என்று பின்னர் ஒரு கால்நடை டாக்டர் விளக்கினார். கினிப்பன்றியின் குடலில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நல்ல கிருமிகள்தான் புல்லின் நாரை நொதிக்கவைத்துச் செரிக்க உதவுகின்றன. பென்சிலின் குடும்பத்து மருந்து வாய் வழியாகப் போனால் அந்த நல்ல கிருமிகள் மடிந்து, அவற்றின் இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. விலங்கு சில நாட்களில் இறந்துவிடுகிறது. அமாக்ஸிஸிலின், ஆம்பிஸிலின் இரண்டும் பென்சிலின் குடும்பம்தான். க்ளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் ஆபத்தானவை. ஹேம்ஸ்டருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இதில் ஒரு விந்தையான சரித்திரமும் உண்டு. 1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியின் குழுவினர் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். விடிந்தபோது மருந்து பெறாத நான்கும் இறந்திருந்தன. மற்றவை உயிரோடு இருந்தன. சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியை எடுத்திருந்தால் பென்சிலினை விஷம் என்று ஒதுக்கியிருக்கவும் கூடும். சுண்டெலியும் கினிப்பன்றியும் பார்வைக்கு உறவுதான். ஆனால் ஒன்றுக்குப் பொறுக்கும் மருந்து மற்றதைக் கொல்கிறது. ஆகவே வீட்டு அலமாரியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். டாக்டர் எழுதிய மருந்து கடையில் இல்லாமல், 'இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறொன்றைக் கொடுத்தாலும் டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்காமல் வாங்க வேண்டாம்.

கடந்த குளிர்காலத்தில் இரண்டாவதற்கும் மூச்சுத் திணறல் வந்தது. இம்முறை அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம். நுரையீரலில் சளி என்று கூறி, இதற்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அபாயக் கட்டம் மூன்று நாளில் கடந்தது. உண்மையான வேலை அதற்குப் பின்னர்தான் தொடங்கியது.

முதலில் அளவு. குழந்தைகளின் மருந்தை வயதைக் கேட்டுக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே எடைதான் கணக்கு. எடையைக் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லக்கூடாது. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, விலங்கை அதில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். எங்களுடையது அன்று 580 கிராம். உதாரணத்துக்கு, டாக்டர் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.58 கிலோவுக்கு 5.8 மில்லிகிராம். புட்டியில் '5 மில்லியில் 50 மில்லிகிராம்' என்று அச்சிட்டிருக்கும். அவசரத்தில் பார்ப்பவர் 5 மில்லி என்பதையே வேளை அளவு என்று எடுத்துக்கொள்வார். அது குழந்தைகளுக்கான கரண்டி அளவு. நமக்கு வேண்டியது 1 மில்லியில் எவ்வளவு என்பது. 50ஐ 5ஆல் வகுத்தால் 10 மில்லிகிராம். ஆகவே ஒரு வேளைக்கு 0.58 மில்லி. ஒரு புள்ளி இடம் மாறினால் 5.8 மில்லி, பத்து மடங்கு! இந்தக் கணக்கைத் தாளில் போட்டு டாக்டரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். அவர் சிரித்தார், ஆனாலும் பேனாவை எடுத்து டிக் அடித்தார்.

அடுத்தது சிரிஞ்சு. 0.01 மில்லி வரை கோடுள்ள 1 மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்கி ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், இன்சுலின் சிரிஞ்சு இருக்கிறதே என்று அதை எடுத்தால் வம்பு. அதில் இருப்பது மில்லி அல்ல, யூனிட். சிவப்பு மூடியுள்ளதில் 40 யூனிட்தான் 1 மில்லி. ஆரஞ்சு மூடியுள்ளதில் 100 யூனிட். அதே 0.58 மில்லி ஒன்றில் 23ஆம் கோட்டிலும் மற்றொன்றில் 58ஆம் கோட்டிலும் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் கொடுக்கும் இரவு வேளை மருந்துக்கு இந்தக் குழப்பம் வேண்டாம்.

இனி கொடுக்கும் விதம். மல்லாத்திப் பிடிக்கக்கூடாது; மருந்து மூச்சுக்குழாயில் போய்விடும். பழைய துண்டு ஒன்றில், தலை மட்டும் வெளியே தெரியும்படி தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பை இறுக்கக்கூடாது, ஏற்கெனவே மூச்சு வாங்குகிற ஜீவன். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. வாயின் பக்கவாட்டில் அந்த இடைவெளி வழியாக சிரிஞ்சின் நுனியை நுழைத்து, இரண்டு மூன்று சொட்டு மட்டும் தள்ளி நிறுத்துங்கள். தாடை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. 0.58 மில்லிக்கு எங்களுக்கு முதல் நாள் பதினைந்து நிமிடம் பிடித்தது. ஒரு வாரத்தில் இரண்டு நிமிடமாகக் குறைந்தது. என் மனைவி பிடித்துக்கொள்வாள், பேத்தி கொடுப்பாள், என் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. முடிந்ததும் ஒரு கொத்தமல்லித் தழை. நான்காம் நாளிலிருந்து துண்டைக் கண்டதும் தழையை நினைத்து அதுவே மூக்கை நீட்ட ஆரம்பித்தது.

குடிதண்ணீரில் மருந்தைக் கலந்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எவ்வளவு குடித்தது என்று தெரியாது. கசந்தால் தண்ணீரையே குடிக்காமல் விட்டுவிடும்.

மருந்தைவிட முக்கியமாக நான் கருதுவது தீனி. நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஷெட்டில் நீராவி என்ஜின்கள் இருந்தன. அணைந்து குளிர்ந்த என்ஜினில் மறுபடி நீராவி ஏறப் பல மணி நேரம் ஆகும். அதனால் ஓட்டம் இல்லாத நேரத்திலும் நெருப்பைக் கனன்றுகொண்டிருக்க விடுவார்கள். கினிப்பன்றியின் குடலும் அப்படித்தான். இரவும் பகலும் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும். அரை நாள், ஒரு நாள் பட்டினி கிடந்தாலே குடல் நின்று, வாயு கட்டி, உயிருக்கு ஆபத்து வந்துவிடும். 'உடம்பு சரியில்லை, லங்கணம் போடட்டும்' என்ற நம் வீட்டு வைத்தியம் இங்கே நடக்காது. வாந்தி எடுக்கவும் இவற்றால் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

எனவே அதுவாகத் தின்னாத நாட்களில் நாம் ஊட்ட வேண்டும். அதன் வழக்கமான புல் குச்சித் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, ஆறவைத்து, பெரிய சிரிஞ்சால் கொடுக்கலாம். எங்கள் டாக்டர் வேளைக்கு 8 மில்லி, நாளைக்கு ஐந்து வேளை என்றார். கூண்டில் உலர்ந்த புல் எப்போதும் இருக்கட்டும்; பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் அவை தேய்வதற்கும் புல் அவசியம். எங்கள் மாடி வீட்டு மாமி பாசத்தில் தயிர்சாதம் கொண்டுவந்தார். அதைப் பணிவாகத் திருப்பித் தந்தோம். பால், தயிர், சாதம், உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் ஆகாது.

ஒன்று மட்டும் இதற்கும் நமக்கும் பொது. மனிதனைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு, கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். நம் ஊரிலும் இதன் தொடர்ச்சி உண்டு. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ஸ்கர்வியை ஆராயக் கினிப்பன்றிகளை வைத்திருந்தார். அவர் வளர்த்த அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நல்ல உடல்நிலையில் கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம் சி போதும். நோயில் தேறும்போது 30 முதல் 50 வரை தேவை. குழந்தைகளுக்கான துளிமருந்துப் புட்டியில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்றிருந்தால், எங்கள் 580 கிராமுக்கு 0.2 முதல் 0.3 மில்லி. இதையும் தண்ணீரில் கலக்கக்கூடாது, சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். குடைமிளகாயில் இந்தச் சத்து நன்றாக இருக்கிறது. தினம் ஒரு துண்டு கொடுத்தோம். நெல்லிக்காயில் இன்னும் அதிகம். ஆனால் எங்களுடையது அதை ஒரு கடி கடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

தேறுகிறதா என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பகைவனிடம் மறைப்பது போல நோயை மறைக்கும் பிராணி இது. தராசு மட்டுமே உண்மை சொல்லும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். புழுக்கைகளின் எண்ணிக்கையும் அளவும்கூடக் குறிக்கத் தக்கவை. இளகினாலோ சிறுத்தாலோ மருந்து குடலைத் தொடுகிறது என்று பொருள். எங்கள் நோட்டில் 580, பின்னர் 566, 561 என்று இறங்கியபோது வீட்டில் யாரும் பேசவில்லை. ஆறாம் நாள் 564. அன்று பேத்தி பள்ளிக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

கூண்டு காற்றோட்டத்தில் நேராக இருக்கக்கூடாது. ஹீட்டருக்கு அருகிலும் கூடாது. மேலே பாதி மட்டும் கம்பளியால் மூடினோம். தில்லிக் கோடைக்கும் ஒரு வார்த்தை: 30 டிகிரியைத் தாண்டினாலே இவை துவண்டுவிடும். நோயிலிருந்து எழுந்தது என்றால் கூலர் அறையை விட்டு வெளியே வைக்கவே கூடாது.

தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்தவில்லை. டாக்டர் சொன்ன பதினான்கு நாளும் கொடுத்தோம். பத்தொன்பதாம் நாள் எடை 612. அன்று மாலைதான் முதல் கினிப்பன்றி எப்படி இறந்தது என்பதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியில் பழைய மருந்துப் புட்டிகள் இன்னும் இருக்கின்றனவா என்று துழாவினாள். இரண்டு இருந்தன.