முதல் இரண்டு நாள் நடக்காதே!

லடாக்கில் ஊர்விட்டு ஊர் நடந்து, ராத்திரிக்கு ஊரார் வீட்டிலேயே தங்கப் போவதாகத் தங்கை ஒருத்தி போனில் சொன்னாள். லிக்கிர், யாங்தாங், ஹெமிஸ் சுக்பாச்சன், தெமிஸ்காம் என்று மூன்று நாள் நடை. "என்ன ஷூ வாங்கட்டும்க்கா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. ஷூ அப்புறம், தங்கச்சி. லே நகரத்தில் எத்தனை நாள் இருக்கப் போகிறாய், அதை முதலில் சொல்.

லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் காற்றுக்கு உடம்பு பழக இரண்டு நாளாவது வேண்டும். அந்த 48 மணி நேரமும் ஊர் சுற்றக் கிளம்பாதே. படுத்திரு, தண்ணீர் குடி, சாயங்காலம் கடைத்தெரு வரைக்கும் மெல்ல நடந்துவிட்டு வா. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். தலைவலி, குமட்டல் இருந்தால் மட்டும், அது தீரும்வரை அதைவிட உயரமான இடத்துக்குப் போகாதே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

முதல் தடவை போனபோது என் தலைவலியை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாதே என்று நினைத்தேன். அன்று ராத்திரி முழுக்க வாந்தி. என் பக்கத்தில் இரண்டு பேர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நம் பெண்களுக்கு வலியை மறைப்பது பழகிப் போயிருக்கிறது. மலையில் அந்தப் பழக்கம் உயிருக்கே கேடு. டயமாக்ஸ் மாத்திரையையும், தோழி போட்டாள் என்று நீயும் போட்டுவிடாதே. அது சல்ஃபா வகையைச் சேர்ந்தது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்.

நடை கடினமில்லை. வழியில் வரும் கணவாய்கள் எல்லாமே 4,000 மீட்டருக்குக் கீழேதான். நாளுக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடந்தால் அடுத்த ஊர். ஆனால் மலைச்சரிவில் ஒரு மரம் கிடையாது. பச்சை என்று கண்ணில் படுவது ஊர் நெருங்கும்போதுதான். அதனால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குப் பூச ஏதாவது, இரண்டு லிட்டர் தண்ணீர். ராத்திரி தங்கிய வீட்டில் கேட்டால் கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பித் தருவார்கள். ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழக்கு. கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், நீண்டிருந்தால் இறக்கத்தில் அதுதான் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

இனி, தங்கும் வீடு. "ஜூலே" என்ற ஒரே சொல் போதும். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டம்மாவை "அமா-லே" என்று கூப்பிடு. அக்காவுக்கு அங்கே "அச்சே". உப்பும் வெண்ணெயும் போட்ட டீ தருவார்கள். நம் டீயை நினைத்துக்கொண்டு குடிக்காதே, சூப் என்று நினைத்துக் குடி, பிடித்துப்போகும். குவளை குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் நிறைந்த குவளையை அப்படியே வைத்திருந்து, எழும்போது குடித்துவிட்டுக் கிளம்பு.

கழிவறையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வாரி. போனதும் மண் அள்ளிப் போட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கீழே விழுவது மக்கி, வயலுக்கு உரமாகப் போகிறது. நீ அங்கே சாப்பிடும் பார்லியும் பட்டாணியும் அந்த வயலில் விளைந்தவை. ஆகவே நாப்கினையோ ஈரத்துணித் தாளையோ அதில் போடவே போடாதே. காகிதத்தில் சுற்றி, இறுக மூடும் பைக்குள் வைத்து, லேவுக்கே திரும்பக் கொண்டு வந்துவிடு. மாதவிலக்குத் தேதி தள்ளியிருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொண்டு போ. பயணத்தில் தேதி முன்னே பின்னே ஆகும்.

ஊருக்குள் ஓடும் சின்ன வாய்க்காலை "யுரா" என்பார்கள். பனி உருகி வரும் அந்தத் தண்ணீரை வயலுக்கு வயல் முறைவைத்துப் பிரித்துவிடவே "சுர்பொன்" என்று ஓர் ஆளை ஊரார் வைத்திருப்பார்கள். அந்த வாய்க்காலில் சோப்புப் போட்டு முகமோ துணியோ கழுவாதே. கீழே இருக்கும் வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவர் வந்தால், அது உன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நட.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். பணத்தை லேயிலேயே எடுத்துக்கொள். இந்த ஊர்களுக்கெல்லாம் இப்போது வண்டிப்பாதை இருக்கிறது. முடியவில்லை என்றால் அமா-லேயிடம் சொல், வண்டிக்கு ஏற்பாடு செய்வார். மீதி தூரத்தை அடுத்த வருஷம் நடக்கலாம்.

டிக்கெட்டில் அந்த இரண்டு நாளைச் சேர்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு. ஷூ வாங்க நானும் கூட வருகிறேன்.